6,000 யென் கேமரா

டோக்கியோவில் ஒலிம்பஸ் நிறுவனத்தில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்த யோஷிஹிசா மைதானி என்ற இளைஞரின் மனதில் ஒரு தொகை பிடிவாதமாக நின்றது: 6,000 யென். அந்த விலைக்கு ஒரு கேமரா செய்துவிட வேண்டும். அப்போது ஜப்பானில் அரசு வேலையில் சேரும் பட்டதாரிக்கு மாதச் சம்பளமே 10,000 யென் அளவில்தான் இருந்தது. சொல்லிக்கொள்ளும்படியான கேமரா வாங்க இரண்டு மாதச் சம்பளமாவது வேண்டும்.

விலையைக் குறைக்கலாம், ஆனால் லென்ஸில் கைவைக்கக் கூடாது என்பது மைதானியின் கொள்கை. உங்களால் முடிந்த அளவு நல்ல லென்ஸாகச் செய்துகொடுங்கள் என்று வடிவமைப்பாளரிடம் கேட்டார். வந்து சேர்ந்த லென்ஸ் அருமையாக இருந்தது. கேமராவுக்கென்று ஒதுக்கிய பணத்தை முழுதாக விழுங்கியும் இருந்தது. மீதிக் கேமராவைக் கிட்டத்தட்டக் காசில்லாமல் கட்ட வேண்டிய நிலை. ஃபிலிமைத் தள்ளும் லீவரை எடுத்துவிட்டு, முதுகுப்பக்கம் கட்டைவிரலால் உருட்டும் ஒரு சிறு சக்கரத்தை வைத்தார். 35 மி.மீ. ஃபிலிமில் வழக்கமாக ஒரு படம் விழும் இடத்தில் இரண்டு படம் விழும்படி சட்டத்தைப் பாதியாக்கினார்; 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். இப்படிப்பட்ட பொம்மையை எங்கள் தொழிற்சாலையில் செய்ய மாட்டோம் என்று தொழிற்சாலைத் தலைவர் மறுத்ததையும், வேலை வெளியே வேறொரு நிறுவனத்துக்குப் போனதையும் மைதானி பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். 1959 அக்டோபரில் ஒலிம்பஸ் பென் கடைக்கு வந்தது. விலை 6,000 யென். 1980களின் தொடக்கம் வரை அந்தக் குடும்பத்துக் கேமராக்கள் மொத்தம் 1.7 கோடி விற்றன.

இனி 2024 ஜூன் மாதத்துக்கு வருவோம். ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் 17 என்ற புது ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. இதுவும் பாதிச் சட்டக் கேமரா. லென்ஸின் துளை அளவு, பென்னில் இருந்த அதே எஃப் 3.5. தானாகக் குவியம் பிடிக்காது; தூரத்தைக் கண்ணால் கணித்து, ஆறு படிகளில் ஒன்றில் நாமே வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். ஒளியை அளந்து ஷட்டரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி உண்டு. மற்றபடி இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். வெளியானபோது புதிதின் விலை ஜப்பானில் 88,000 யென், அமெரிக்காவில் 500 டாலர். நம் கணக்கில் சுமார் 42,000 ரூபாய். தானியங்கிக் குவியம்கூட இல்லாத ஒரு பெட்டிக்கு இத்தனை விலையா என்ற கேள்வி உடனே எழுந்தது. நியாயமான கேள்விதான்.

முதலில் பணவீக்கத்தைக் கழித்துவிடுவோம். 1959-லிருந்து இன்று வரை ஜப்பானில் விலைவாசி ஏறக்குறைய ஆறு மடங்கு ஏறியிருக்கிறது. பென்னின் 6,000 யென் இன்றைக்கு 36,000 யென்னுக்குச் சமம். அப்படிப் பார்த்தால் புதிய கேமரா இரண்டரை மடங்கு விலை. ஆனால் சம்பளத்தை அளவுகோலாக வைத்தால் விடை தலைகீழாகிறது. இன்றைய ஜப்பானியப் பட்டதாரியின் முதல் சம்பளம் 2 லட்சம் யென்னுக்கு மேல். பென்டாக்ஸ் அதில் பாதிகூட இல்லை. மைதானியின் பென்னோ அன்று பாதிச் சம்பளத்துக்கும் மேல். ஆக, புதிய கேமரா கொள்ளை விலை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டியதை வேறு மாதிரி கேட்கலாம். இந்த 65 ஆண்டுகளில் வானொலி, கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு மலிந்துபோயின. அந்த மலிவு இந்தக் கேமராவுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை?

கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இதில் பாதி விடை தெரியும். 100 பத்திரிகை போதும் என்று அச்சகத்தில் சொன்னால், 300-ஆகவே அடித்துக்கொள்ளுங்கள், தொகையில் பெரிய வித்தியாசம் வராது என்பார் அச்சகக்காரர். எழுத்துக் கோத்து, பிளேட் போட்டு, எந்திரத்தைச் சரிசெய்து முதல் தாளை எடுப்பதில்தான் பெரும் செலவு. அதற்குப் பிறகு ஆகும் செலவெல்லாம் தாளும் மையும்தான்.

கேமராவில் அந்த பிளேட்டின் இடத்தில் இருப்பது எஃகு அச்சு; கோவைப் பட்டறைகளில் டை என்பார்களே, அது. உருகிய பிளாஸ்டிக்கையோ மக்னீசியத்தையோ உயர் அழுத்தத்தில் அதற்குள் செலுத்தி உடல் பாகங்களை வார்க்கிறார்கள். ஓர் அச்சைக் கடைந்து, மெருகேற்றி, வார்த்துப் பார்த்து, திருத்தி, மறுபடி வார்த்துப் பார்க்க மாதக் கணக்கில் ஆகும். ஒரு கேமராவுக்கு இப்படிப் பல அச்சுகள் வேண்டும். நல்ல எஃகு அச்சு லட்சக்கணக்கான வார்ப்புகளுக்குத் தாங்கும். அதில் 10,000 மட்டும் வார்த்துவிட்டு நிறுத்தினால் அச்சுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதற்கான பணம்தான் திரும்புவதில்லை. அச்சு தவிர லென்ஸ் கணக்கீடு, மின்சுற்று வடிவமைப்பு, சோதனைகள், பொறியாளர்களின் சில ஆண்டுச் சம்பளம் எல்லாம் முதல் கேமரா வெளிவருவதற்கு முன்பே செலவாகிவிடுபவை.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த முன்செலவு 20 கோடி ரூபாய் என்றும், ஒவ்வொரு கேமராவுக்கும் உதிரிப் பாகமும் கூலியும் சேர்த்து 8,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 10 லட்சம் கேமரா விற்றால் தலைக்கு 200 ரூபாய்தான் முன்செலவின் பங்கு. 20,000 விற்றால் 10,000 ரூபாய். 5,000 மட்டுமே விற்றால் 40,000 ரூபாய். விநியோகஸ்தர், கடைக்காரர், வரி எல்லாம் தொழிற்சாலை விலையின்மேல் சதவீதமாக ஏறுவதால் இந்த வித்தியாசமும் கூடவே பெருகும். கடைக்கு வரும்போது தொழிற்சாலை விலை இரட்டிக்கிறது என்று கொண்டால், 10 லட்சத்தில் ஒன்றாகப் பிறந்த கேமரா 16,400 ரூபாய். 20,000-ல் ஒன்றாகப் பிறந்தது 36,000. 5,000-ல் ஒன்றானது 96,000. மூன்றிலும் ஒரே லென்ஸ், ஒரே திருகு. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை எங்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் எடைபோட்டு விலையைத் தீர்மானிக்க நினைக்கிறோம். அதனால்தான் ஏமாற்றப்பட்டது போன்ற உணர்ச்சி வருகிறது.

ஃபிலிம் என்றாலே விலை அதிகம் என்ற எண்ணத்தை உடைக்க ஃபியூஜிஃபிலிமின் இன்ஸ்டாக்ஸ் போதும். எடுத்தவுடன் அட்டையில் படம் தரும் கேமரா அது. 1998-ல் வந்தது, சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. 2018 நிதியாண்டில் அதே கேமரா ஒரு கோடி விற்றது. அதன் மினி 12 மாதிரி 2023-ல் வந்தபோது விலை 80 டாலர் அளவில் இருந்தது. ஃப்ளாஷ் உண்டு, ஒளியளவைத் தானே பார்த்துக்கொள்ளும், படத்தை வெளியே தள்ள மோட்டாரும் உண்டு. பென்டாக்ஸ் 17-ல் அந்த மோட்டார் வேலையை நம் கட்டைவிரல் செய்கிறது. பொருள்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம் வர வழியில்லை. உலோக மேல்மூடி, தேர்ந்த லென்ஸ் எல்லாம் அதில் ஒரு பகுதியை விளக்கும். மீதியை விளக்குவது அந்த ஒரு கோடி.

சரி, பெரும் எண்ணிக்கையில் விற்க வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? பங்கு போட்டுக்கொள்வார்கள். ஜப்பானில் நாகானோ மாகாணத்தில் இருக்கும் கோசினா நிறுவனம் இதில் கைதேர்ந்தது. அது தன் சிடி-1 என்ற எளிய எஸ்எல்ஆர் கேமராவின் (லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் வகை) எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, வெளிச்சட்டையை மட்டும் மாற்றி, கேனனுக்கு டி60, நிக்கானுக்கு எஃப்எம்10, ஒலிம்பஸுக்கு ஓஎம்-2000 என்று செய்துகொடுத்தது. 1999-ல் அதே எலும்புக்கூட்டிலிருந்துதான் ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா என்ற கேமரா வரிசையைத் தொடங்கியது. லைக்கா பாணி லென்ஸ்களைப் பொருத்தும் புதுக் கேமரா, லைக்கா விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தது என்றால் அதன் ரகசியம் இதுதான்: உள்ளே இருந்த அச்சுகளுக்கும் ஷட்டருக்கும் வேறு யார் யாரோ ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள். பெஸ்ஸா வாங்கியவர்கள் பெயர் தெரியாத பல லட்சம் எஸ்எல்ஆர் வாடிக்கையாளர்களின் நிழலில் நின்றார்கள். 2015-ல் பெஸ்ஸா நின்றுபோனபோது அந்த நிழலும் போய்விட்டிருந்தது.

அச்சுச் செலவைவிட எனக்கு வியப்பாக இருப்பது கையின் பழக்கம். அமெரிக்க விமானப் பொறியாளர் தியோடோர் ரைட், ரைட் சகோதரர்களுக்கு உறவில்லாதவர், 1936-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விமானத் தொழிற்சாலைக் கணக்குகளைப் புரட்டியபோது அவருக்கு ஓர் ஒழுங்கு தெரிந்தது. அதுவரை கட்டிய விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எந்தத் திருகை முதலில் முடுக்குவது, எந்த இடத்தில் ஒயர் சிக்கும் என்பதெல்லாம் செய்யச் செய்யத்தான் தெரியவரும். இந்த விகிதம் கேமராவுக்கும் பொருந்தும் என்று கொண்டால், 1,000-லிருந்து 10 லட்சத்துக்குப் போவதற்குள் பத்து இரட்டிப்புகள் நிகழ்கின்றன. உழைப்பு பத்தில் ஒரு பங்காகக் கரைகிறது. சில ஆயிரத்தோடு நின்றுவிடும் கேமரா இந்தச் சரிவின் உச்சியிலேயே நின்றுவிடுகிறது.

சரிவில் இறங்கியவர்கள் மறுபடி மேலே தள்ளப்படுவதும் உண்டு. லாக்ஹீட் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் பயணிகள் விமானத்தைப் பொருளியலாளர் லேனியர் பென்கார்ட் ஆராய்ந்து 2000-ல் எழுதினார். 1970களின் நடுவில் ஆர்டர்கள் குறைந்ததால் லாக்ஹீட் உற்பத்தியைச் சுருக்கியது. மறுபடி கூட்டியபோது விமானத்துக்கு ஆகும் உழைப்பு குறையவில்லை, ஏறியது. பழகிய ஆட்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் அடியிலிருந்து கற்றார்கள். தொழிற்சாலையும் மறக்கும் என்பதற்கு அந்தக் கணக்கேடுகள் சாட்சி.

பென்டாக்ஸ் 17-ஐ வடிவமைத்த தகேயோ சுசூகிக்கு நேர்ந்ததும் இதுவே. 2022 டிசம்பரில் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது நிறுவனத்தில் ஃபிலிம் கேமரா செய்து பழகிய கை அரிதாகிவிட்டிருந்தது. குறிப்பாக, லீவரைத் தள்ளினால் ஃபிலிம் சரியாக ஒரு சட்டம் நகர்ந்து, ஷட்டரும் தயாராகி, அதற்குமேல் நகராமல் பூட்டிக்கொள்ள வேண்டிய அந்தப் பொறி. பழைய வரைபடங்கள் இருந்தன. ஆனால் ஒரு பல்சக்கரத்தின் அளவு ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதை வரைபடம் சொல்லாது. அதற்கு ஓய்வுபெற்ற பொறியாளர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தினமும் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய ஒரு பொறியை, தாத்தாக்களிடம் பாடம் கேட்டு மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தின் கட்டணமும் 88,000 யென்னுக்குள்தான் இருக்கிறது.

நிக்கான் இதை இன்னும் முன்பே செய்து பார்த்தது. 1958-ல் வெளிவந்த தன் எஸ்3 கேமராவை 2000-ம் ஆண்டு நினைவாக மறுபடி கட்டியது. விலை லென்ஸோடு 4,80,000 யென். 2005-ல் அதற்கு மூத்த எஸ்பி கேமரா 2,500 மட்டும். விலை 6,90,000 யென். பழைய கைப்பழக்கத்தை இளையவர்களிடம் ஒப்படைப்பதும் அதன் நோக்கம். விலைச்சீட்டைப் பார்த்தால் பொருளுக்கு ஒரு பங்கும் படிப்புக்கு ஒரு பங்குமாகத்தான் எனக்குத் தெரிகிறது.

எண்ணிக்கை சிறிதாக இருப்பவர்களை ஒரு சிறு இடறல்கூடச் சாய்த்துவிடும். ஹாசல்பிளாட் எக்ஸ்பான் என்றொரு அழகான கேமரா இருந்தது. அதை வடிவமைத்து உருவாக்கியதில் ஃபியூஜிஃபிலிமின் பங்கு பெரிது; அது 35 மி.மீ. ஃபிலிமில் 65 மி.மீ. அகலத்துக்கு நீண்ட படம் எடுக்கும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்தது. எக்ஸ்பானின் மின்சுற்றில் இருந்த பற்றவைப்பில் ஈயம் உண்டு. சுற்றுப்பலகையை ஈயமில்லாமல் திரும்ப வடிவமைப்பது பெருங்கலை ஒன்றுமில்லை. லட்சக்கணக்கில் விற்கும் கேமரா என்றால் செலவைப் பங்கிட்டுக் கொண்டு போயிருக்கும். விற்பனை மெலிந்திருந்த எக்ஸ்பானுக்கு அந்தச் செலவைத் தாங்கும் தோள் இல்லை. நிறுத்திவிட்டார்கள். இன்று பழைய எக்ஸ்பான் ஒன்றை வாங்க, புதிதாக விற்ற காலத்து விலையைவிட அதிகமாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது.

லைக்கா மட்டும் எப்படித் தப்பித்தது? 2015-ல் உலகம் முழுவதற்கும் சேர்த்து லைக்கா விற்ற ஃபிலிம் கேமராக்கள் 500 அளவில்தான். வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கும். ஆனால் லைக்காவின் டிஜிட்டல் எம் கேமராக்களுக்கும் ஃபிலிம் எம் கேமராக்களுக்கும் லென்ஸ் ஒன்று, இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கித் தூரம் பார்க்கும் பொறியின் அடிப்படை ஒன்று, ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்தில் அவற்றைக் கட்டும் கைகளும் ஒன்று. அண்ணன் சம்பாதித்துத் தம்பியைக் காப்பாற்றிய கதை இது. 2022-ல் பழைய எம்6 மாதிரியை 5,000 டாலருக்கும் மேலான விலையில் மறுபடி கொண்டுவந்தார்கள். 2023-ல் ஃபிலிம் கேமரா விற்பனை 5,000-ஐ எட்டியது. எட்டே ஆண்டில் பத்து மடங்கு. இருந்தும் விலை இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 5,000 என்பது எஃகு அச்சுகளின் கணக்கில் இன்னும் சிறு எண்தான். தவிர, காத்திருந்து வாங்க ஆள் இருக்கும்போது விலையைக் குறைக்கும் வியாபாரி எங்கும் இல்லை. எண்ணிக்கை தீர்மானிப்பது விலையின் அடித்தளத்தை. அதற்குமேல் எத்தனை மாடி என்பதை வாங்குபவரின் ஆசை தீர்மானிக்கிறது.

புதிய கேமராவின் எண்ணிக்கை ஏன் கூட மறுக்கிறது என்பதற்கு ஒரு காரணம் பழைய கேமராக்களின் குவியல். 1997-ல் ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய ஃபிலிம் கேமராக்கள் மூன்றரைக் கோடிக்கும் மேல். பத்தாண்டில் அது சில லட்சமாகி, பிறகு ஜப்பானியக் கேமராச் சங்கம் அந்தக் கணக்கை வெளியிடுவதையே விட்டுவிட்டது. ஆனால் அந்தக் கோடிகள் எங்கும் போய்விடவில்லை. அலமாரிகளிலும் பரண்களிலும் இருக்கின்றன. கேனன் 1976-ல் ஏஇ-1 கேமராவைக் கொண்டுவந்தபோது, மின்னணுவைப் புகுத்திப் பழைய மாதிரிகளைவிட 300 பாகங்கள் வரை குறைத்து, கட்டும் வேலையின் பெரும்பகுதியை எந்திரத்துக்கு மாற்றியது. அந்த ஏஇ-1 இன்றும் புதிய பென்டாக்ஸ் 17-ன் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. படச் சட்டமும் முழுச் சட்டம். அதன் அச்சுக்கான பணம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கட்டி முடிந்தாயிற்று. இப்படி முன்செலவே இல்லாத ஒரு போட்டியாளரை எதிர்த்து, முன்செலவு முழுவதையும் சுமந்துகொண்டு புதிய கேமரா நிற்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குவியலும் கரைந்துகொண்டே வருகிறது. பழைய கேமராவுக்கு உதிரிப் பாகம் பெரும்பாலான கம்பெனிகள் செய்வதில்லை. பழுது பார்ப்பவர்கள் செத்த கேமரா ஒன்றைப் பிரித்து, அதிலிருந்து எடுத்த பாகத்தால் இன்னொன்றைப் பிழைக்கவைக்கிறார்கள். இரண்டு ஒன்றாகிறது. ஒவ்வொரு பழுதும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. ஒரு ஸ்பிரிங்கையும் ஒரு பல்சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு, முத்து போன்ற லென்ஸோடு இருக்கும் மீதி உடலை ஓரமாக வைப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கும்.

எஃகு அச்சையே தொடாமல் கேமரா செய்யும் வழியும் உண்டு. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 2014-ல் தொடங்கிய இன்ட்ரெபிட் நிறுவனம், ஃபிலிம் தாளைச் செருகிப் படமெடுக்கும் பெரிய பெட்டிக் கேமராக்களை ஒட்டுப் பலகையில் எந்திரத்தால் அறுத்தும், சில பாகங்களை முப்பரிமாண அச்சு எந்திரத்தில் எடுத்தும் செய்கிறது. முப்பரிமாண அச்சில் ஆயிரமாவது பாகத்துக்கும் முதல் பாகத்தின் விலைதான். எண்ணிக்கை கூடினால் மலிவு வராது, குறைந்தால் நஷ்டமும் வராது. மரமும் மடிப்புத் துருத்தியும் போதுமான பெட்டிக் கேமராவுக்கு இது பொருத்தமான பாதை. அளவு சற்றுப் பிசகினாலும் ஃபிலிம் சிக்கிக்கொள்ளும் சிறு கேமராவின் பல்சக்கரத்துக்கு இன்னும் எஃகும் அச்சும்தான் வேண்டியிருக்கின்றன.

ரிக்கோ 2022-ல் தன் திட்டத்தை அறிவித்தபோது ஒரு கேமராவோடு நிறுத்தும் எண்ணத்தைச் சொல்லவில்லை. முதலில் ஒரு சிறிய கேமரா, அடுத்து உயர்தரமான சிறிய கேமரா, பிறகு எஸ்எல்ஆர், கடைசியில் பேட்டரியே வேண்டாத முழு எந்திர எஸ்எல்ஆர் என்று வரிசை போட்டிருந்தது. பென்டாக்ஸ் 17 அதன் முதல் படி. லீவரைத் தள்ளும்போது கட்டைவிரலுக்குக் கீழே சுழலும் பல்சக்கரங்கள், தாத்தாக்களிடம் கேட்டுக் கற்ற அந்தப் பொறி, இப்போதைக்கு அந்த ஒரு கேமராவின் கணக்கில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த கேமரா வந்தால்தான் அது இரண்டாகப் பிரியும்.